ஆறு வாரம் அன்பு கொடுக்கப் போகலாமா?

திருவாரூர் மாவட்டத்திலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றிவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

வயது 24. எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப் பணி முதுகலை) முடித்துவிட்டு ஒரு தொண்டு நிறுவனத்தில் ஒப்பந்த வேலையில் இருக்கிறார். அப்பாவுக்குப் பத்து மா நஞ்சை. அம்மா மகளிர் குழுத் தலைவி. ஆஸ்திரேலியாவில் சமூகப் பணியில் மேற்படிப்பு படிக்க ஆசை. விண்ணப்பத்துக்காக அணுகிய கல்வி ஆலோசனை நிறுவனம், "வெளிநாட்டுத் தன்னார்வ அனுபவம் இருந்தால் சீட் சுலபம்" என்று சொல்லி, பெங்களூரில் உள்ள வேறொரு நிறுவனத்திடம் அனுப்பியிருக்கிறது. கம்போடியாவில் சியெம் ரீப் நகரத்துக்கு அருகே ஓர் அனாதை இல்லம். ஆறு வாரம் தங்கி, குழந்தைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்து, அவர்களோடு விளையாடி, குளிப்பாட்டிச் சாப்பாடு ஊட்ட வேண்டும். விமானக் கட்டணம் உட்பட 1,80,000 ரூபாய். முன்பணம் 45,000 கட்டியாகிவிட்டது. மீதிக்கு அப்பா கூட்டுறவுச் சங்கத்தில் நகைக்கடன் கேட்டிருக்கிறார்.

அனுபவம் தேவையில்லை, போலீஸ் சான்றிதழ் தேவையில்லை, சுற்றுலா விசாவே போதும் என்கிறது நிறுவனம். முன்பு போய்வந்த பெண் ஒருவரின் வீடியோவையும் அனுப்பியிருக்கிறார்கள். அவர் வாசலில் கால் வைத்ததுமே ஒரு நான்கு வயதுக் குழந்தை ஓடிவந்து கழுத்தைக் கட்டிக்கொள்கிறது. "அதைப் பார்த்து அழுதுவிட்டேன் மேடம். அன்புக்கு ஏங்கும் பிள்ளைகளுக்கு ஆறு வாரமாவது அன்பு கிடைக்கட்டுமே" என்று எழுதியிருக்கிறார் வாசகி. அம்மாவுக்குப் பெண்ணைத் தனியாக அனுப்பப் பயம். அப்பா மட்டும் உறுதியாக நிற்கிறார்: "சுனாமி சமயத்துல எந்தெந்த நாட்டுக்காரனோ நாகப்பட்டினம் வந்து நமக்குச் செஞ்சான். வாங்குன மொய்யைத் திருப்பி வைக்கிற மாதிரிதான் இது. போயிட்டு வா."

அவர் கேட்பவை: நிறுவனத்தை நம்பலாமா? விசாவில் சிக்கல் வருமா? போகவில்லை என்றால் கட்டிய பணம் திரும்புமா? கடைசியாக, "எனக்கு இப்படி ஆசை இருப்பதே தப்பா?"

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். ஆசையில் தப்பில்லை. சேவைக்குப் படித்த பெண்ணுக்கு அந்த ஆசை வராவிட்டால்தான் கவலைப்பட வேண்டும். ஆனால் பணம் கட்டி, குறுகிய காலத்துக்கு, ஓர் இல்லத்துக்குள் புகுந்து குழந்தைகளை நேரடியாகப் பராமரிக்கும் இந்த ஏற்பாடு வேண்டாம். இதையே கம்போடியாவுக்குப் பதில் கும்பகோணத்துக்கு யாராவது விற்றாலும் இதைத்தான் சொல்வேன். காரணங்களைச் சொல்கிறேன். உடன்படவில்லை என்றால் உங்கள் முடிவை நீங்களே எடுங்கள். 24 வயது, அந்த உரிமை உங்களுக்கு இருக்கிறது.

அங்கே இருப்பவர்கள் அனாதைகளா?

உங்கள் கடிதத்தில் "அனாதைக் குழந்தைகள்" என்று பல இடங்களில் வருகிறது. இதில்தான் முதல் திருத்தம் தேவை.

கம்போடியாவில் 1975 முதல் 1979 வரை நடந்த கெமர் ரூஜ் ஆட்சியில் பெற்றோரை இழந்த குழந்தைகள் ஏராளம். அவர்கள் இப்போது ஐம்பதை நெருங்கிய, தாண்டிய பெரியவர்கள். இன்று இல்லங்களில் இருக்கும் பிள்ளைகள் பிறந்தது அதற்கு எத்தனையோ ஆண்டுகள் கழித்து. கம்போடிய அரசும் யுனிசெஃபும் சேர்ந்து 2011இல் வெளியிட்ட ஆய்வின்படி, இல்லங்களில் இருந்த குழந்தைகளில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினருக்குத் தாயோ தந்தையோ உயிருடன் இருந்தார்கள். 2005க்கும் 2010க்கும் இடையில் மட்டும் இல்லங்களின் எண்ணிக்கை 75 சதவீதம் கூடியது. அந்த ஐந்து ஆண்டுகளில் பெரும் போரும் இல்லை, சுனாமியும் இல்லை. கூடியவர்கள் சுற்றுலாப் பயணிகள். சியெம் ரீப் என்பது அங்கோர் வாட் கோயிலுக்குப் போகிறவர்கள் தங்கும் ஊர். குழந்தைகள் இல்லங்கள் வறுமை மிகுந்த தூரத்துக் கிராமங்களை விட்டுவிட்டு இப்படிப்பட்ட ஊர்களில் குவிந்தது ஏன் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

நடப்பது இதுதான். கிராமத்து ஏழைக் குடும்பத்திடம் ஒருவர் போய், "பிள்ளையை அனுப்புங்கள், இங்கிலீஷ் படிப்பு, மூன்று வேளைச் சாப்பாடு" என்பார். பெற்றவர்கள் நம்பி அனுப்புவார்கள். இல்லத்துக்கு வந்ததும் அந்தப் பிள்ளை அனாதையாகிவிடும். நேபாளத்தில் 1996 முதல் 2006 வரை நடந்த உள்நாட்டுச் சண்டையின்போது, ஹும்லா போன்ற மலை மாவட்டங்களில் பெற்றோர் தரகர்களிடம் பணமும் கொடுத்துப் பிள்ளைகளையும் ஒப்படைத்தார்கள். காட்மாண்டுவில் அந்தப் பிள்ளைகளுக்குப் போலிக் காகிதம் தயாரானது. அப்பா அம்மா உயிரோடு ஊரில் இருக்க, பிள்ளை கையில் அவர்களின் இறப்புச் சான்றிதழ். பிள்ளை மெலிந்தும் அழுக்காகவும் இருந்தால் பார்ப்பவர் மனம் இளகும் என்பதற்காக வேண்டுமென்றே அப்படி வைத்திருந்த இல்லங்களும் உண்டு.

எல்லா இல்லங்களும் இப்படியா? இல்லை. நேர்மையாக நடத்துபவர்கள் இருக்கிறார்கள். ஆனால் 1,80,000 ரூபாய் கட்டிவரும் ஒவ்வொருவருக்கும் காட்ட எப்போதும் குழந்தைகள் இருந்தாக வேண்டும் என்ற நிலை வந்துவிட்டால், பிள்ளைகளை வீட்டுக்குத் திருப்பி அனுப்ப எந்த இல்லத்துக்கு மனம் வரும்? ஐ.நா. பொதுச் சபை 2019 டிசம்பரில் குழந்தைகள் உரிமை குறித்து நிறைவேற்றிய தீர்மானத்தில், இல்லங்களில் தன்னார்வப் பணி, சுற்றுலா என்ற பெயரில் குழந்தைகளுக்கு நேரும் தீங்குகளைத் தடுக்கும்படி நாடுகளைக் கேட்டுக்கொண்டது இதனால்தான். கென்யா 2017இல் புதிய குழந்தைகள் இல்லங்களைப் பதிவு செய்வதையே நிறுத்திவைத்தது.

முதல் நாளே கழுத்தைக் கட்டிக்கொள்ளும் குழந்தை

அந்த வீடியோவுக்கு வருகிறேன். உங்களை அழவைத்த காட்சி எனக்குக் கவலையைத்தான் தந்தது.

உங்கள் தெருவிலேயே பாருங்கள். ஊரிலிருந்து முதன்முறையாக வரும் அத்தையை ஒரு மூன்று வயதுப் பிள்ளை எப்படிப் பார்க்கும்? அம்மாவின் முந்தானைக்குப் பின்னால் ஒளியும். தூக்கப் போனால் வீறிட்டு அழும். அரை மணி நேரம் கழித்து, அம்மா அவரோடு சிரித்துப் பேசுவதைப் பார்த்த பிறகு, மெதுவாக வந்து அவர் புடவையைத் தொட்டுவிட்டு ஓடும். அந்தப் பயம்தான் ஆரோக்கியம். தனக்கென்று ஓர் ஆள் இருக்கிறார், மற்றவர்கள் வேறு என்று அந்தக் குழந்தைக்குத் தெரிந்திருக்கிறது. வாசலில் யார் வந்தாலும் ஓடிப்போய்த் தொற்றிக்கொள்ளும் நான்கு வயதுக் குழந்தைக்கு அந்த ஓர் ஆள் கிடைக்காமலே போயிருக்கலாம். ருமேனியாவில் 2000ஆம் ஆண்டில் தொடங்கி, புக்கரெஸ்ட் நகர இல்லங்களில் இருந்த 136 குழந்தைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். ஒரு பகுதியினரை வளர்ப்புக் குடும்பங்களில் வைத்தார்கள். இல்லத்திலேயே வளர்ந்தவர்களிடம் முன்பின் தெரியாதவரோடு தயங்காமல் ஒட்டிக்கொள்ளும் பழக்கம் கூடுதலாகத் தெரிந்தது. இரண்டு வயதுக்கு முன்பே குடும்பத்துக்குப் போன பிள்ளைகள் பிறரோடு உறவு கொள்வதிலும் அறிவு வளர்ச்சியிலும் நன்றாகத் தேறினார்கள்.

இப்போது "ஆறு வாரமாவது அன்பு கிடைக்கட்டுமே" என்ற உங்கள் வரியைக் குழந்தையின் பக்கத்திலிருந்து படியுங்கள். நீங்கள் போவதற்கு முன் ஒரு அக்கா இருந்தார், போய்விட்டார். நீங்கள் ஆறு வாரம் இருப்பீர்கள், விமான நிலையத்தில் அழுவீர்கள், ஊர் திரும்பி உங்கள் வேலையைப் பார்ப்பீர்கள். அடுத்த திங்கட்கிழமை இன்னொருவர். ஆண்டுக்கு எட்டுப் பத்துப் பேர் இப்படி வந்து ஒட்டிப் பிரிந்தால், அந்தப் பிள்ளை கற்றுக்கொள்வது என்ன? நெருங்கி வருகிறவர்கள் எல்லோரும் விட்டுவிட்டுப் போவார்கள் என்பதைத்தான். நீங்கள் நல்லவர் என்பதால் இது மாறிவிடாது. எவ்வளவு நன்றாகப் பழகுகிறீர்களோ, பிரியும்போது அவ்வளவு வலி.

இது ஏதோ வெளிநாட்டுப் பிரச்சினை என்று நினைத்துவிட வேண்டாம். நம் ஊர்களில் பிறந்தநாள், கல்யாண நாள், தாத்தாவின் திதி என்றால் இல்லத்துக்குச் சாப்பாடு போடுகிறோம். நல்ல மனசுதான். ஆனால் ஒருமுறை வழக்கு விஷயமாக டெல்டா பகுதி இல்லம் ஒன்றுக்குக் கோப்போடு போனேன். வராந்தாவில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகள் என்னைப் பார்த்ததும் யாரும் சொல்லாமலே வரிசையாக உட்கார்ந்துவிட்டார்கள். ஆறு வயது இருக்கும் ஒரு பையன் எழுந்து வந்து கேட்டான்: "இன்னிக்கு உங்களுக்குப் பொறந்தநாளா ஆன்ட்டி?" வந்தவருக்காகப் பாட வேண்டும், போட்டோ எடுத்து முடித்த பிறகுதான் இலையில் கை வைக்க வேண்டும் என்பது அவனுக்குப் பழகிப்போயிருக்கிறது.

"போலீஸ் சான்றிதழ் தேவையில்லை"

இதை ஒரு வசதியாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு இந்த ஒரு வரியே போதும், அந்த நிறுவனத்தை ஒதுக்க. உங்களிடம் எதுவும் கேட்காமல் குழந்தைகளைக் குளிப்பாட்ட விடுகிற கதவு, வேறு யாருக்கும் அப்படியே திறக்கும். நம் நாட்டில், பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் போக்சோ சட்டத்தின் விதிகள் (2020) குழந்தைகள் தங்கும் நிறுவனங்களில் வேலை செய்பவர்களைக் காவல்துறை மூலம் சரிபார்க்க வேண்டும், அதையும் அவ்வப்போது செய்ய வேண்டும் என்கின்றன. இளைஞர் நீதிச் சட்டம் (2015) பதிவு பெறாத இல்லம் நடத்துவதைக் குற்றம் என்கிறது. பராமரிப்பில் இருக்கும் குழந்தையின் படத்தையோ அடையாளத்தையோ ஊடகத்தில் வெளியிட்டால் அதே சட்டத்தின் 74ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டு லட்சம் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம். தஞ்சாவூரில் ஒரு குழந்தைக்கு இருக்கும் இந்த மரியாதை சியெம் ரீப்பில் இருக்கும் குழந்தைக்கும் உரியதுதானே? விளம்பரத்துக்காகக் குழந்தையின் முகத்தை வாட்ஸ்அப்பில் சுற்றவிடுகிறவர்களைப் பற்றி நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை.

உங்கள் பாதுகாப்பையும் பாருங்கள். அந்த நாட்டின் கெமர் மொழி உங்களுக்குத் தெரியாது. இல்லத்தில் தவறாக ஏதாவது கண்ணில் பட்டால் யாரிடம் சொல்வீர்கள்? நாளை உங்கள் மேலேயே ஒரு புகார் வந்தால் உங்களுக்காகப் பேச யார் இருக்கிறார்கள்? அம்மாவின் பயத்தைப் பழைய காலத்துப் பயம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். அவருக்குக் காரணம் சொல்லத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

விசாவும் விண்ணப்பமும்

சுற்றுலா விசா சுற்றிப் பார்ப்பதற்கு. சம்பளம் இல்லாவிட்டாலும் வேலை வேலைதான் என்று குடிவரவு அதிகாரி சொன்னால், நிறுவனத்தின் வாட்ஸ்அப் செய்தியைக் காட்டித் தப்பிக்க முடியாது. பிறகு ஆஸ்திரேலிய விசாவுக்கு விண்ணப்பிக்கும்போது, வேறு நாட்டில் விசா நிபந்தனையை மீறியதுண்டா என்ற கேள்வி வரும். அங்கே பொய் எழுதினால் அது தனிப் பிரச்சினை.

இன்னொன்றையும் உங்கள் கல்வி ஆலோசகர் சொல்லாமல் விட்டிருக்கிறார். ஆஸ்திரேலிய நாடாளுமன்றக் குழு 2017இல் நவீன அடிமைமுறை பற்றி விசாரித்து அளித்த அறிக்கையில், அனாதை இல்லங்களுக்காகக் குழந்தைகளைக் கடத்துவதையும் எடுத்துப் பேசியது. 2018இல் நவீன அடிமைமுறைச் சட்டம் வந்தது. வெளிநாட்டு அனாதை இல்லங்களுக்கு மாணவர்களை அனுப்புவதை அங்குள்ள சில பல்கலைக்கழகங்கள் கைவிட்டிருக்கின்றன. அப்படிப்பட்ட நாட்டில், அதுவும் சமூகப் பணித் துறையில் இடம் கேட்கும் விண்ணப்பத்தில், "பணம் கட்டி ஆறு வாரம் அனாதை இல்லத்தில் இருந்தேன்" என்று எழுதினால் படிக்கும் பேராசிரியர் என்ன நினைப்பார்? சீட் சுலபமாகும் என்று எனக்குத் தோன்றவில்லை.

அப்பாவின் மொய்க் கணக்கு

அப்பா சொன்னதை நான் பெரிதும் மதிக்கிறேன். 2004 டிசம்பர் 26க்குப் பிறகு நாகப்பட்டினத்துக்கு உதவி வந்தது உண்மை. அந்த மாவட்டத்தில் மட்டும் சுமார் ஆறாயிரம் பேர் இறந்துபோனார்கள். ஆனால் அப்போது பிள்ளைகளுக்கு எது உதவியது என்பதையும் அப்பாவோடு உட்கார்ந்து பேசிப் பாருங்கள்.

பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்தினர் வந்தார்கள். அவர்கள் உள்ளூர் ஆசிரியர்களுக்கும் களப் பணியாளர்களுக்கும், பயந்துபோன பிள்ளைகளிடமும் பெரியவர்களிடமும் எப்படிப் பேச வேண்டும் என்று பயிற்சி கொடுத்தார்கள். பயிற்சியாளர் ஊருக்குப் போன பிறகும் டீச்சர் அங்கேயே இருந்தார். பெற்றோரை இழந்து நிராதரவாக நின்ற பிள்ளைகளுக்காக நாகப்பட்டினத்தில் அன்னை சத்தியா அரசு குழந்தைகள் காப்பகம் அமைந்தது. அங்கே வளர்ந்த ஒரு பெண்ணின் திருமணத்துக்கு, சுனாமிக்குப் பிறகு அங்கே ஆட்சியராக இருந்த ஜெ. ராதாகிருஷ்ணன் 2022இல் வந்து நின்ற செய்தியை அப்பா படித்திருப்பார். பதினேழு ஆண்டு கழித்தும் வந்தவர் அதே மனிதர். அந்தப் பெண்ணுக்கு அதைவிடப் பெரிய மொய் யாரும் வைத்திருக்க முடியாது.

எனவே அப்பாவிடம் சொல்லுங்கள்: திருப்பி வைக்க வேண்டியதுதான், ஆனால் அவர்கள் வைத்த மாதிரியே வைக்க வேண்டும்.

கட்டிய 45,000

பணத்தைப் பற்றித் தெளிவாகச் சொல்கிறேன். "முன்பணம் எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படாது" என்று ரசீதில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் (2019) நியாயமற்ற வணிக முறையையும், தவறான தகவல் தந்து விற்பதையும் கேள்வி கேட்க உங்களுக்கு இடம் தருகிறது.

முதலில் நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். தொலைபேசியில் பேசினால் சாட்சியம் இல்லை. கேள்விகளை இப்படிக் கேளுங்கள்: இல்லம் கம்போடிய அரசிடம் பதிவு பெற்றதற்கான நகல் எங்கே? அங்குள்ள குழந்தைகளில் எத்தனை பேருக்குப் பெற்றோர் இருக்கிறார்கள்? குழந்தைப் பாதுகாப்புக் கொள்கை என்ன? நான் கட்டும் தொகையில் இல்லத்துக்குப் போவது எவ்வளவு? எந்த விசாவில் இந்த வேலை சட்டப்படி செல்லும்? இவற்றுக்கு மேல் ஒரு கேள்வி, கடந்த ஆண்டு எத்தனை குழந்தைகளைக் குடும்பத்தோடு சேர்த்துவைத்தீர்கள்? நல்ல இல்லமாக இருந்தால் இந்தக் கடைசிக் கேள்விக்குச் சந்தோஷமாகப் பதில் சொல்வார்கள்.

பதில் திருப்தியாக இல்லை என்றால், காரணத்தைக் குறிப்பிட்டு விலகுவதாகவும், 15 நாளில் பணத்தைத் திருப்பும்படியும் எழுதுங்கள். யுபிஐ ரசீது, விளம்பரம், வாட்ஸ்அப் உரையாடல் எதையும் அழிக்காதீர்கள். "சான்றிதழ் தேவையில்லை, சுற்றுலா விசா போதும்" என்று அவர்கள் அனுப்பிய செய்திதான் உங்கள் முக்கிய ஆதாரம். மசியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிவு செய்யுங்கள். அப்புறமும் நடக்கவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நிறுவனம் பெங்களூரில் இருப்பதால் அங்கே போக வேண்டியதில்லை. நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே, அதாவது திருவாரூரிலேயே, மனு போடலாம். ஐந்து லட்சம் வரையிலான பரிவர்த்தனைக்கு மனுக் கட்டணம் கிடையாது. வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே வாதாடலாம். இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். தகராறு வந்தால் நடுவரிடம்தான் போக வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தாலும் அது நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதைத் தடுக்காது.

முழுத் தொகையும் வந்துவிடும் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன். டிக்கெட் போட்டிருந்தால், அதில் ரத்துச் செய்ய முடியாத தொகையைக் கழித்துக்கொள்வார்கள், அது நியாயமும்கூட. ஆனால் 45,000 போய்விடுமே என்பதற்காக மீதி 1,35,000 கட்டாதீர்கள். கல்யாண மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்துவிட்டோமே என்று வேண்டாத சம்பந்தத்தை முடிப்பதைப் போன்றது அது.

வேறு என்ன செய்யலாம்?

வெளிநாட்டு அனுபவம் வேண்டும் என்றால் ஐ.நா. தன்னார்வலர் திட்டத்தில் பதிவு செய்துவையுங்கள். அவர்கள் உங்களிடம் பணம் வாங்க மாட்டார்கள். வாழ்க்கைச் செலவுக்கு அவர்கள்தான் தருவார்கள். 18 முதல் 26 வயது வரை உள்ளவர்களுக்கு இளைஞர் பிரிவு தனியாக இருக்கிறது. போட்டி கடுமை, உடனே கிடைக்காது. வேறு எந்த அமைப்பாக இருந்தாலும், குழந்தைகளோடு நேரடியாகப் பழகும் வேலை இல்லாமல், அங்குள்ள பணியாளர்களோடு சேர்ந்து பதிவேடு, பயிற்சி, பிள்ளைகளைக் குடும்பத்தோடு சேர்க்கும் பணி என்று இருந்தால் யோசிக்கலாம். உங்கள் படிப்புக்கு உரிய வேலையும் அதுதான்.

ஊரிலேயே செய்யலாமே என்று சொன்னால் எல்லோரும் சொல்லும் அறிவுரை போல இருக்கும். ஆனாலும் ஒரு வேலையைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இதற்கு ஆள் போதவில்லை. போக்சோ வழக்கில் பாதிக்கப்பட்ட குழந்தைக்கு ஆதரவு நபர் ஒருவரைக் குழந்தைகள் நலக் குழு நியமிக்கலாம். காவல் நிலையம், மருத்துவமனை, நீதிமன்றம் எல்லா இடத்துக்கும் குழந்தையோடும் குடும்பத்தோடும் போக வேண்டும். அடுத்து என்ன நடக்கும் என்று புரியும்படி சொல்ல வேண்டும். நிவாரணத் தொகைக்கு மனு எழுத உதவ வேண்டும். சமூகப் பணி படித்தவர்கள் இதற்குத் தகுதியானவர்கள். ஊதியமும் உண்டு, பெரிய தொகை என்று எதிர்பார்க்காதீர்கள். ஒரு வழக்கு ஓர் ஆண்டு, சில சமயம் அதற்கு மேலும் ஓடும். அத்தனை நாளும் அந்தக் குழந்தைக்கு ஒரே முகம் நீங்கள். சாட்சி சொல்லும் நாளில் கூண்டைப் பார்த்ததும் தண்ணீர் கேட்கும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். தெரிந்த ஆள் ஒருவர் பக்கத்தில் இருந்தால், பாட்டிலைக் கையில் பிடித்துக்கொண்டு பேசிவிடுகிறார்கள். திருவாரூர் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விசாரித்து, ஆதரவு நபர்கள் பட்டியலில் சேர விண்ணப்பியுங்கள். அவர்கள் போலீஸ் சரிபார்ப்பு கேட்பார்கள். கேட்கட்டும்.

அறுவடை முடிந்த வயல்களில் ஆட்டுக்கிடை போடுவதை நீங்கள் பார்த்தே வளர்ந்திருப்பீர்கள். அந்த ஆடுகளோடு நிற்கும் சிறுவனை எப்போதாவது விசாரித்ததுண்டா? அப்பா வாங்கிய சில ஆயிரம் கடனுக்கு அடமானமாக விடப்பட்ட பிள்ளைகளை நம் டெல்டா மாவட்டங்களில் அதிகாரிகள் திரும்பத் திரும்ப மீட்டிருக்கிறார்கள். அவர்களுக்கு அப்பா அம்மா இருக்கிறார்கள். மீட்டபின் அந்தக் குடும்பம் மறுபடி கடன் வாங்காமல் நிற்க வேண்டும், பையன் பள்ளியில் நிலைக்க வேண்டும். மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவில் இப்படிப்பட்ட பிள்ளை குடும்பத்தோடு இருந்து படிக்க மாதம் 4,000 ரூபாய் உதவி கிடைக்க வழி இருக்கிறது. உங்கள் ஆறு வாரப் பயணத்துக்கான தொகை, ஒரு பிள்ளைக்கு 45 மாத உதவிக்குச் சமம். மனு எழுதி, சான்றுகள் சேர்த்து, அலுவலகத்தில் விடாமல் கேட்டு வாங்கிக் கொடுக்க ஆள் வேண்டும். இதில் போட்டோ எடுக்க ஒன்றும் இருக்காது. ஆனால் இரண்டு ஆண்டு இதைச் செய்துவிட்டு விண்ணப்பத்தில் எழுதினால், எந்தப் பேராசிரியரும் உங்களை நேர்காணலில் கூடுதல் நேரம் உட்காரவைத்துக் கேட்பார்.

உடனடியாகச் செய்ய வேண்டியது ஒன்று. அப்பாவிடம் சொல்லி நகைக்கடன் மனுவை நிறுத்திவைக்கச் சொல்லுங்கள். நிறுவனத்துக்கு இந்த வாரமே மின்னஞ்சல் போகட்டும். பதில் வந்ததும், வராவிட்டாலும் 15 நாள் கழித்து, ரசீது நகலையும் ஒப்பந்த நகலையும் இணைத்து எனக்கு எழுதுங்கள். நுகர்வோர் ஆணையத்துக்கு மனு எப்படி எழுதுவது என்று மாதிரி அனுப்புகிறேன்.